படித்துறைப் பாட்டு வந்த மத்தியானம்

பாட்டுப் படங்களைப் பற்றிப் பேசும்போது நான் தயங்குவதில்லை. மற்ற எல்லா விஷயத்திலும் இரு தரப்பையும் கேட்டுக் குறிப்பு எழுதிப் பழகியவன். இதில் எனக்கு ஒரு தரப்புதான். நாற்பது பெண்கள் ஒரே நேரத்தில் கை தூக்குகிற காட்சியை, அந்தப் பெண்கள் நம்மைவிட உயரமாகத் தெரிகிற திரையில்தான் பார்க்க வேண்டும். அதைக் கைபேசியில் பார்ப்பது, கல்யாணத்துக்குப் போகாமல் பத்திரிகையை மட்டும் படித்துவிட்டு விருந்தைப் பற்றிப் பேசுவது போன்றது. கதை நம்பும்படி இல்லை என்று சிலர் குறை சொல்வார்கள். துக்கத்தில் இருப்பவள் எப்படிச் சுருதி பிசகாமல் பாடுகிறாள், வாத்தியக்காரர்கள் எங்கே ஒளிந்திருக்கிறார்கள் என்று கேட்பார்கள். முப்பத்தைந்து வருடம் அரசாங்க அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு நம்பும்படி இல்லாத கதைகள் புதிதல்ல. என் மேசைக்கு வந்தவற்றில் பாட்டு இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த ஆசைக்கும் என் உத்தியோகத்துக்கும் ஒரு காலத்தில் நேரடித் தொடர்பு இருந்தது. வேலையில் சேர்ந்த புதிதில் கொல்லிமலை அடிவாரப் பகுதியில் டூரிங் டாக்கீஸ்களைத் தணிக்கை செய்வது என் பொறுப்பாக இருந்தது. டென்ட் கொட்டகை நடத்த உரிமம் வேண்டும். மணல் வாளி எத்தனை தொங்குகிறது, பெண்கள் பக்கத்துக்குத் தனி வழி உண்டா, ஆபரேட்டரிடம் சான்றிதழ் இருக்கிறதா, படம் குறித்த நேரத்துக்குள் முடிகிறதா என்று எல்லாவற்றையும் நேரில் பார்த்து எழுத வேண்டும். சக ஊழியர்கள் இந்த வேலையை ஒருவர் தலையில் ஒருவர் கட்டப் பார்த்தார்கள். நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். நேரத்தைச் சரிபார்க்க முழுப் படத்தையும் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று விதியில் எங்கும் இல்லை. பார்க்கக் கூடாது என்றும் இல்லை.

ஓய்வு பெற்றபின் கொல்லிமலைக்கு வந்து குடியேறினேன். வீட்டுக் கூடத்தில் ஒரு சுவரை வெறுமையாக விட்டு வெள்ளையடித்து, சிறிய புரொஜெக்டர் ஒன்றையும் நல்ல ஸ்பீக்கர் இரண்டையும் வைத்துக்கொண்டேன். அந்தச் சுவரில் காலண்டர் மாட்ட வந்த உறவினரைக்கூட ஆணியோடு திருப்பி அனுப்பினேன். பென்ஷன்காரர் ஒருவர் தனியாக வெள்ளைச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார் என்று ஊரில் பேச்சு வந்தது. உண்மைதான் என்பதால் நான் மறுக்கவில்லை.

போன வருடம் ஒரு காலை சோளக்காடு ஊர்ச் சந்தையில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். வரவேண்டிய நேரம் கடந்து அரைமணி ஆகியிருந்தது. வாழைப்பழம் விற்பவரிடம் பஸ் வருமா என்று கேட்டேன்.

"வருமுங்க சார், வராம எங்க போகுது? படித்துறைப் பாட்டு வர்றப்ப அதுவும் வந்துரும்."

கடை வரிசை முழுவதும் சிரித்தது. சிரிக்காதவர், மிளகு மூட்டைக்குப் பின்னால் இருந்த பெண்மணி ஒருவர்தான். அறுபதைத் தாண்டியவர்.

"எடைக்கல்லைத் தூக்கி மண்டையில போட்டன்னா எந்தப் பாட்டு வருதுன்னு தெரியும் உனக்கு" என்றார் வாழைப்பழக்காரரிடம்.

அது என்ன பாட்டு என்று கேட்டேன். பக்கத்தில் சாக்கு கட்டிக்கொண்டிருந்த அவருடைய கணவர், இந்தக் கேள்விக்காகவே காலையில் மலையிலிருந்து நடந்து வந்தவர் போல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கண்ணாலம் ஆன புதுசுங்க சார். அடிவாரத்துக் கொட்டாயில ஒரு பழைய படம் வந்திருக்குதுன்னு சேதி. இவ இருக்காளே, அந்தப் படத்துல ஒரு படித்துறைப் பாட்டு இருக்குது, பஞ்சாயத்து ரேடியோவுல கேட்டிருக்கறேன்னு ஊடு ஊடாப் போயிச் சொல்லிப்போட்டா. பொம்பளைங்க வரிசையா நின்னு தொவைப்பாங்களாம், ஏழு சேலை காயப்போடுவாங்களாம், ஒவ்வொண்ணும் ஒரு கலராம். இவ பேச்சை நம்பி மரவள்ளி புடுங்குறதைப் பாதியில உட்டுப்போட்டு பன்னெண்டு பேரு நடந்தே எறங்குனமுங்க சார், முள்ளுக்குறிச்சிப் பக்கமா."

"அப்புறம்?"

"படம் முடிஞ்சுதுங்க. பாட்டு வரலீங்க."

இருட்டில் மலையேறும்போது அவருடைய தங்கை, "ஏனுங்க அண்ணி, பாட்டு பின்னால நடந்து வருதா? நின்னு கூட்டிக்கிட்டுப் போலாமா?" என்று கேட்டாராம். அன்றிலிருந்து அந்த ஊரில் சொல்லி நடக்காத எல்லாவற்றுக்கும் பெயர் படித்துறைப் பாட்டு. வராத பஸ், வராத கரண்ட், எல்லாம்.

"நாலு மாசம் கழிச்சு, மாசமா இருக்கறன்னு இவ சொன்னப்பக்கூட எங்கம்மா நம்பலீங்க சார். 'அதுவும் பாட்டு மாதிரியா கண்ணு?'ன்னு கேட்டுப்போட்டா."

சுற்றியிருந்தவர்கள் மறுபடி சிரித்தார்கள். நாற்பது வருடத்துக்கு மேல் கேட்ட கதைக்கு அப்படிச் சிரிக்க அலாதியான விசுவாசம் வேண்டும். அந்தப் பெண்மணி என்னைப் பார்த்து, "நான் பொய் சொல்லலீங்க சார்" என்றார். கோபமாகக்கூட இல்லை. தினமும் விலை சொல்கிற குரலில் சொன்னார். "எது சொன்னாலும் இவிங்களுக்கு ரெண்டாவதா ஒரு ஆளு வந்து சொல்லோணும். நிலத்துல தண்ணி நிக்குதுன்னு சொன்னாலும் போயிப் பாத்துட்டு வந்துதான் நம்புவாங்க."

எனக்கு அந்தப் படம் தெரியும். பாட்டும் தெரியும். அது இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கணவர் இன்னொன்று சொன்னார்.

"ஆபரேட்டருகிட்டயே கேட்டமுங்க. எவனோ ஆபீசரு வந்து நேரமாச்சுன்னு எழுதிப்போட்டுப் போயிட்டான், அதான் வெட்டிட்டோம்னு என்னமோ சொன்னான். சாக்குச் சொல்றான்னு உட்டுட்டோம்."

அந்த 'எவனோ ஆபீசர்' ஆன நான் பஸ்ஸையும் மறந்து அங்கேயே நின்றேன்.

அந்தப் படம் கொட்டகைக்கு வந்த முதல் நாளே தணிக்கை என்ற பெயரில் போயிருந்தேன். பாட்டு வந்தபோது கையிலிருந்த குறிப்பேட்டை மூடிவிட்டேன். ஆற்றங்கரைப் படிகள் முழுக்கப் பெண்கள், மேலிருந்து இறங்கும் காமிரா, காற்றில் ஒன்றாக எழுந்த ஏழு சேலைகள். படம் முடிந்ததும் கடிகாரத்தைப் பார்த்தேன். குறித்த நேரத்தைவிடப் பதினொரு நிமிடம் அதிகம். குறிப்பேட்டை மறுபடி திறந்து, உரிமத்தை ஏன் ரத்து செய்யக்கூடாது என்று விளக்கம் கேட்டு நோட்டீஸ் கொடுத்தேன். விதி அப்படி. ஆட்டத்தைப் பதினொரு நிமிடம் முன்னால் ஆரம்பிப்பார்கள் என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்துப் போய் வெளியே நின்று பார்த்தேன். நேரத்துக்கு முடிந்தது. 'குறை நிவர்த்தி செய்யப்பட்டது' என்று எழுதிக் கோப்பை மூடினேன். எப்படி நிவர்த்தி செய்தார்கள் என்று கேட்கும் கட்டம் அந்தப் படிவத்தில் இல்லை. படிவத்தில் இல்லாததைக் கேட்கும் வழக்கம் எனக்கும் இல்லை.

மிளகு மூட்டைக்கு முன்னால் நின்று இதை அந்தப் பெண்மணியிடம் சொன்னேன். பாட்டு இருக்கிறது, வெட்ட வைத்தவன் நான்தான் என்று. தவறு செய்தவர் ஒப்புக்கொண்டதும் எதிரே இருப்பவர் கண் கலங்குவது படங்களில் நடப்பது. இவர் தராசைக் கீழே வைத்தார்.

"அப்ப நீங்க பாத்துட்டீங்க."

"ஆமாம்."

"பாத்துப்போட்டு எங்களுக்கு நிறுத்திப்போட்டீங்க."

அதற்கும் ஆமாம்தான் பதில். வாழைப்பழக்காரர், "சார் உனக்காகச் சொல்றாரு அக்கா, படிச்சவரு, பாவம்" என்றார்.

"கேட்டீங்களா? நீங்க சொன்னா பாவம்னு சொன்னதாப் போயிரும்" என்றார் அவர் என்னிடம். "படம்தான் சொல்லோணும். அன்னிக்கு எறங்குனவங்க அத்தனை பேரும் உக்காந்து பாக்கோணும். மூணு பேரு போய்ச் சேர்ந்துட்டாங்க. மிச்சம் பேரை நான் கூட்டியாரேன். நீங்க பாட்டைக் கொண்டாங்க."

கொண்டுவருவது அவ்வளவு சுலபமாக இல்லை. தொலைக்காட்சியில் ஒளிபரப்பான பிரதியில் அந்தப் பாட்டு இல்லை. விளம்பரங்களுக்கு இடம் வேண்டுமே. அவர்களுக்கும் அவர்களுடைய பதினொரு நிமிடம். இணையத்தில் கிடைத்த பிரதியிலும் இல்லை. பழைய படங்கள் சேர்க்கும் நண்பர் ஒருவரிடம் முழுப் பிரதி இருந்தது. இரண்டு மாதம் தொல்லை கொடுத்து வாங்கினேன். வாங்கியதும் போட்டுப் பார்த்து, பாட்டு முழுதாக இருக்கிறது என்று உறுதி செய்தேன். இந்த முறை வெளியே நின்று பார்க்கவில்லை.

ஊர்ச் சமுதாயக் கூடத்துக்கு முறைப்படி விண்ணப்பம் எழுதினேன். நோக்கம், நாள், நேரம், எதிர்பார்க்கப்படும் கூட்டம், தீத்தடுப்பு ஏற்பாடு என்று மூன்று பிரதிகள். வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. எதிரே டீ குடித்துக்கொண்டிருந்த வார்டு உறுப்பினர், "சாவி ஆணியில தொங்குதுங்க சார், எடுத்துக்குங்க. பூட்டுறப்ப மட்டும் இழுத்துப் பாத்துருங்க" என்றார். இருந்தாலும் ஒரு பிரதியை அதே ஆணியில் மாட்டிவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணி. மிளகு காயவைக்கும் தார்ப்பாய்களை ஜன்னல்களில் கட்டி இருட்டாக்கினோம். கூடம் முழுக்க மிளகு வாசனை. பின்சுவர் நல்ல அகலம். முந்தின நாளே சுண்ணாம்பு அடித்திருந்தோம். முப்பது பேர் எதிர்பார்த்தேன். எண்பதுக்கு மேல் வந்தார்கள். பெண்கள் பக்கத்துக் கதவு திறந்திருக்கிறதா என்று போய்ப் பார்த்தேன். சில வியாதிகளுக்கு ஓய்வூதியம் மருந்தாகாது.

புளியஞ்சோலைப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போன, அந்தப் பெண்மணியின் நாத்தனாரும் வந்திருந்தார். இரண்டு பஸ் மாறி வந்த களைப்பு முகத்தில் இருந்தது, வாயில் இல்லை.

"ஏனுங்க அண்ணி, இந்தத் தடவையாவது பாட்டு பஸ் ஏறிடுச்சா?"

"உக்காரு கண்ணு. உக்காந்து வாயை மூடிக்கிட்டுப் பாரு."

ஆரம்பிக்குமுன் நடந்ததை விளக்க ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன். 'மேற்படி பொருள் தொடர்பாக' என்று தொடங்கியதுமே பின்னாலிருந்து, "படத்தைப் போடுங்க சார்!" என்று குரல் வந்தது. சுருக்கிச் சொன்னேன்: பாட்டை நிறுத்தியது என் நோட்டீஸ். இந்த அம்மா சொன்னது நிஜம். யாரும் நம்பியதாகத் தெரியவில்லை. படம்தான் சொல்ல வேண்டும் என்று அந்தப் பெண்மணி சொன்னது சரிதான்.

இடைவேளைக்குப் பின் அரைமணி போனதும் பாட்டு வந்தது. சுவர் முழுக்கப் படித்துறை. முதல் துணி கல்லில் விழுந்த ஓசையிலேயே கூடம் அடங்கிவிட்டது. காமிரா இறங்க இறங்க, படிக்குப் படி பெண்கள் நிமிர்ந்தார்கள். முதல் வரிசையில் யாரோ, "அட, இருக்குது!" என்றார்கள். கணவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. இதற்காகத்தான் பெரிய திரை.

அப்போதுதான் கவனித்தேன். அந்தப் பெண்மணி திரையைப் பார்க்கவில்லை. முதல் வரிசையில் எழுந்து, சுவருக்கு முதுகைக் காட்டி நின்று, பார்க்கிறவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏழு சேலையும் அவருடைய முகத்திலும் வெள்ளை ஜாக்கெட்டிலும் பறந்து அடங்கின.

பாட்டு முடிந்தது. நாத்தனார் மூக்கை உறிஞ்சினார். ஆனால் விடுகிறவர் இல்லை.

"பாட்டு வந்துச்சு, சரி. ஒத்துக்கறேன். கலரு எங்கீங்க அண்ணி? ஏழு கலருன்னு சொன்னீங்களே. எல்லாம் சாம்பலா இருக்குது."

கூடம் சிரித்தது. பழைய சிரிப்பு. கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறம் எப்படி வரும் என்று விளக்க நான் எழுந்தேன். அந்தப் பெண்மணி கையைக் காட்டி என்னை உட்கார வைத்தார்.

"இவிங்க பாத்துட்டாங்க சார். இப்ப எனக்குப் போடுங்க."

பின்னால் தள்ளி மறுபடி போட்டேன். இந்த முறை அவர் நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்தார், முழங்கையை அவர் தொடையில் ஊன்றிக்கொண்டு. பெண்கள் நிமிர்ந்தார்கள். சேலைகள் கொடிக்கு வந்தன. அவர் விரலை நீட்டினார்.

"மொதல்ல இருக்குதே, அது அரக்கு."

விரல் அடுத்த சேலைக்கு நகர்ந்தது.

"அடுத்தது மாம்பழ மஞ்சள். அந்தக் கட்டம் போட்டது கிளிப்பச்சை. இது கத்திரிப்பூ. பொண்ணு தலைக்கு மேல போட்டிருக்கறா பாரு, அது மயில்கழுத்து. பக்கத்துல நீலம்."

விலை சொல்கிற அதே குரல். கூடத்தில் எண்பது பேரும் அந்த விரல் போகிற இடத்துக்குக் கண்ணைக் கொண்டுபோனார்கள். காற்று வந்தது, சேலைகள் எழுந்தன.

"அப்ப அந்தக் கடைசி?" என்று நாத்தனார் கேட்டார். இந்தத் தடவை குரலில் கேலி இல்லை, தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"அதா? வெங்காயத்தோல் கலரு."

நாத்தனார் கண்ணைச் சுருக்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஆமா" என்றார். "வெங்காயத்தோலுதான்."

எனக்கு அந்தப் படம் பல வருடப் பழக்கம். கடைசிச் சேலை வெள்ளை என்றுதான் நினைத்திருந்தேன். மறுபடி பார்த்தேன். வெங்காயத்தோல்தான்.