செத்த கம்பிக்கு ஒரு சங்கிலி

என் அக்கா வீட்டுக்காரர் மின்சார அலுவலகத்தில் லைன்மேன். ஊரில் அவருக்கு 'ஆமை' என்று பெயர். வைத்தவன் நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

மனிதர் எதையும் ஒரே தடவையில் முடிக்கமாட்டார். வீட்டைப் பூட்டினால் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்த அன்றே நாற்காலியை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

தெருக் கம்பி அறுந்தால் டிரான்ஸ்பார்மரில் அந்தத் தெருவின் பியூஸ் கட்டைகளைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். அவர் இறங்கி வரும்வரை வேறு யாரும் கரண்ட் கொடுக்க முடியாது. எல்லா லைன்மேனும் செய்வதுதான். மாமா அதோடு விடமாட்டார். டெஸ்டர் வைத்துப் பார்ப்பார். பிறகு கம்பிகளையெல்லாம் ஒரு செப்புச் சங்கிலியால் சேர்த்துக் கட்டி, அதன் நுனியைத் தரையில் அடித்த இரும்புக் கம்பியில் மாட்டுவார். எங்கிருந்தாவது கரண்ட் வந்தாலும் ஆளை விட்டுவிட்டு மண்ணுக்குப் போய்விடுமாம். அதற்கே கால் மணி நேரம் ஆகும்.

"செத்த கம்பிக்கு எதுக்கு மாமா சங்கிலி?" என்று கேட்பேன்.

"செத்துட்டேன்னு உங்கிட்ட சொல்லுச்சா?" என்பார்.

நான் கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டி வைத்துப் பிழைக்கிறவன். போன மழைக்காலத்தில் ஒருநாள் பெட்டியில் அறுநூறு முட்டைகள் இருந்தன, மறுநாள் பொரிக்க வேண்டியவை. காலை பத்து மணிக்கு அடித்த காற்றில் ஒரு கிளை முறிந்து எங்கள் தெருக் கம்பியை அறுத்துக்கொண்டு விழுந்தது. பேட்டரி இரண்டு மணி நேரம் தாங்கும். அதற்குமேல் சூடு இறங்கினால் குஞ்சுகள் ஓட்டுக்குள்ளேயே முடிந்துவிடும்.

மாமா வந்தார். தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை கம்பியைப் பார்த்துக்கொண்டே நடந்தார். பிறகு திரும்பி நடந்தார்.

"மாமா, இங்க அறுநூறு உயிரு."

"இரு மாப்ள, வரேன்."

பன்னிரண்டு மணிக்குப் பேட்டரி படுத்துவிட்டது. அக்கா ஓடிவந்து, வெந்நீர்ப் புட்டிகளைத் துணியில் சுற்றி முட்டைகளுக்கு நடுவே வைத்தாள். மாமா அப்போதுதான் கம்பத்தில் ஏறிக்கொண்டிருந்தார். எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. பக்கத்துக் கடைக்காரரின் ஜெனரேட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தேன். பெட்டியின் வயர் சுவருக்குள் போகிறது, நேராக மாட்ட வழியில்லை. இரண்டு முனையிலும் பிளக் வைத்து ஒரு வயர் தயார் செய்தேன். ஒரு பக்கத்தை ஜெனரேட்டரிலும் இன்னொரு பக்கத்தைச் சுவரிலும் செருகிவிட்டுக் கயிற்றை இழுத்தேன். ஜெனரேட்டர் ஒரு உறுமல் உறுமிவிட்டு அணைந்தது. மறுபடி இழுத்தேன். அதே கதை. ஓட்டை வண்டியைத் தலையில் கட்டிவிட்டான் என்று கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் மாமா நின்றார்.

"மெயின ஆஃப் பண்ணியா மாப்ள?"

மெயின் ஸ்விட்ச் போட்டபடியே இருந்தது.

"இப்ப ரெண்டு தடவ சங்கிலில பொறி பறந்துச்சு. என் கை கம்பில இருந்துச்சு."

நான் கொடுத்த கரண்ட் என் வீட்டில் நிற்காமல் மெயின் வழியாகத் தெருக் கம்பிக்கே போய், சங்கிலியில் இறங்கி மண்ணுக்குள் போயிருக்கிறது; ஜெனரேட்டர் அணைந்ததும் அதனால்தான். பியூஸ் கட்டைகள் அவர் பையில் பத்திரமாகத்தான் இருந்தன. அதனால் என்ன பயன்? அந்தச் சங்கிலி மட்டும் இல்லாவிட்டால் என் கையாலேயே என் அக்காவின் தாலியை அறுத்திருப்பேன்.

அக்கா கையிலிருந்த புட்டியோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மாமா மெயினை இறக்கி, அதன் பியூஸையும் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார். என் வயரின் ஒரு பிளக்கை வெட்டி எறிந்தார். பெட்டியின் வயரைச் சுவரிலிருந்து பிரித்து ஜெனரேட்டரோடு நேராக இணைத்தார்.

"இப்ப இழு."

ஜெனரேட்டர் அணையாமல் ஓடியது. மாமா மறுபடி கம்பத்துக்குப் போய், மறுபடி டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஏறினார். இரண்டு மணிக்குத் தெருவுக்குக் கரண்ட் வந்தது. மறுநாள் ஐந்நூற்றுச் சொச்சம் குஞ்சுகள் கீச்சுக் கீச்சென்று கத்திப் பெட்டியை இரண்டாக்கின.

இப்போது ஜெனரேட்டர் போடுவதற்கு முன் மெயின் பியூஸைக் கழற்றி என் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறேன். பிறகு டெஸ்டர், அதுவும் இரண்டு தடவை. "மாமாவுக்கு வச்ச பேரு உங்களுக்குத்தான் பொருந்துது" என்று என் மனைவி சிரிக்கிறாள். அக்கா சிரிப்பதில்லை. கரண்ட் போனால் நாலு வீடு தாண்டி வந்து, என் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் திரும்பிப் போகிறாள்.