பெட்டியின் நான்காவது பக்கம்

அத்தையின் தேநீர்ப் பெட்டிக்கான வரைபடம் முடிந்தது 1989இல், நான் ஆறாம் வகுப்பில் அரையாண்டுத் தேர்வு எழுதிக்கொண்டிருந்த வாரத்தில். தேதி குறித்து வைக்கும் பழக்கம் அப்போது எனக்கு இல்லை. வெள்ளிக்கிழமை என்பது மட்டும் உறுதி.

அப்பா ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் டிராஃப்ட்ஸ்மேன். குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். அப்பாவின் தங்கை அந்தச் சித்திரையில் நெமிலிச்சேரியிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்தாள். லீவுக்கு வந்திருக்கிறாள் என்றாள் அம்மா. என் பள்ளி திறந்த பிறகும் அத்தையின் லீவு முடியவில்லை. எனக்கு அதில் மகிழ்ச்சிதான்.

ஆவாரம்பூவையும் துளசியையும் நிழலில் உலர்த்தி, சுக்கும் ஏலக்காயும் இடித்துச் சேர்த்து அத்தை ஒரு தேநீர்த் தூள் செய்தாள். பூந்தமல்லி நாட்டு மருந்துக் கடைக்காரர் அதைக் குடித்துப் பார்த்துவிட்டு, பொங்கலுக்குள் நூறு பெட்டி கேட்டார். பிளாஸ்டிக் பை ஆகாது, பெயரும் விலாசமும் அச்சிட்ட அட்டைப் பெட்டிதான் வேண்டும் என்பது அவர் நிபந்தனை.

பெட்டியை அப்பா தொழிற்சாலை முறைப்படியே வரைந்தார். முன்தோற்றம், பக்கத்தோற்றம், மேல்தோற்றம், மில்லிமீட்டரில் அளவுகள், மூலையில் ‘வரைந்தவர்’, ‘சரிபார்த்தவர்’ என்று இரண்டு கட்டங்கள். மடித்து ஒட்டிப் பார்ப்பது என் வேலை.

“பீரங்கிக் குண்டு வைக்கிற மாதிரி இருக்குண்ணா. கொஞ்சம் பூ போட்டுக்கறேன்” என்று அத்தை முன்பக்கத்தில் மஞ்சள் ஆவாரம்பூ ஒன்றை வரைந்தாள்.

நான்காவது பக்கம் விலாசத்துக்கு. குவார்ட்டர்ஸ் விலாசத்தை வியாபாரப் பொருளில் போட்டால் அப்பாவின் வேலைக்கே ஆபத்து. அதனால் அவர் நெமிலிச்சேரி வீட்டு விலாசத்தைப் பென்சிலில் எழுதினார்.

“மாப்பிள்ளை வீடுதானேம்மா. இன்னிக்கு இல்லேன்னாலும் நாளைக்கு நீ போகவேண்டிய இடம்.”

அவர் ஷிப்டுக்குப் போனதும் அத்தை என் ரப்பரை வாங்கி அழித்தாள். அப்பா திரும்ப எழுதினார். அவள் திரும்ப அழித்தாள். மூன்றாம் முறை தாளே நைந்துபோனது. என் ரப்பர் பாதியாகிவிட்டதே என்பதுதான் என் கவலை.

அம்பத்தூர் அச்சகத்துக்கு அத்தையோடு நானும் போனேன். அச்சகக்காரர் படத்தைப் புரட்டிப் பார்த்தார்.

“பூவெல்லாம் சோக்காத்தான் கீது. விலாசம் எங்கம்மா? வூட்டு விலாசம் இல்லாத சரக்க எவன் வாங்குவான்?”

“வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் குடுங்கண்ணே.”

“அதுக்கு மேல போச்சுனா பொங்கலுக்குக் கெடைக்காது, சொல்லிட்டேன்.”

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அத்தை விலாசம் எழுதிய ஒரு துண்டுச் சீட்டோடு வந்தாள். அம்பத்தூரில் ஒரு வீட்டின் பின்கட்டில் ஒற்றை அறை. முன்பணமாக வளையலைக் கொடுத்திருந்தாள். அப்பா சீட்டை வாங்கிப் படித்தார். பிறகு புதுத் தாள் விரித்து, நான்கு பக்கங்களையும் முதலிலிருந்து வரைந்து, அந்த விலாசத்தை அழியாத இந்திய மையில் எழுதினார். ‘சரிபார்த்தவர்’ கட்டத்தில் கையெழுத்திடப் பேனாவை அத்தையிடம் நீட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை அத்தையின் டிரங்குப் பெட்டி அம்பத்தூருக்குக் கிளம்பியது. ஒரு பெட்டியில் விலாசம் அச்சடிப்பதற்காக யாராவது வீடு மாறிப் போவார்களா என்று நான் அழுதேன். நான்காவது பக்கத்தை ஸ்கேலால் அளந்து, இன்னும் மூன்று வரிக்கு இடமிருக்கிறது, நம் வீட்டு விலாசத்தையும் சின்ன எழுத்தில் போட்டிருக்கலாம் என்று அம்மாவிடம் நிரூபித்தேன். அம்மா ஸ்கேலை வாங்கி வைத்துவிட்டு, சாப்பிட வா என்றாள்.