ஏழாம் வகுப்பு கட்டிய குற்றாலம்

கணக்கு டீச்சர் வேலையில் ஒரு சௌகரியம் உண்டு: பிள்ளைகளுக்கு நம்மைப் பிடிக்காது என்பது முதல் நாளே தெரிந்துவிடும், அதனால் பின்னால் ஏமாற வேண்டியதில்லை. சாக்பீஸ் தூளைத் தின்றே வயதாகிக்கொண்டிருக்கும் சக ஆசிரியர்களுக்கு இதை நான் விளக்க வேண்டாம். நாம் வகுப்புக்குள் நுழைந்ததும் நாற்பது முகங்கள் ஒன்றாக வாடுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

நான் தென்காசியில் ஒரு தனியார் பள்ளியில் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். போன வருஷம் லீவுக்கு வந்த என் அண்ணன் மகன், சாப்பிடக் கூப்பிட்டாலும் எழுந்திருக்காமல் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தான். சதுரச் சதுரமான கட்டைகளை அடுக்கி வீடு, பாலம், கோட்டை என்று எதை வேண்டுமானாலும் கட்டுகிற விளையாட்டு. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பெயர் சொல்லாமலே தெரியும். திட்டப் போனவள், ஒவ்வொரு கட்டையும் நீளம் ஒரு மீட்டர், அகலம் ஒரு மீட்டர், உயரம் ஒரு மீட்டர் என்று அவன் சொன்னதும் அப்படியே பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். சோறு ஆறிப்போனது. எனக்குப் புத்தி வந்த நாள் அது என்று நானும், கெட்ட நாள் அது என்று எங்கள் ஆசிரியர் அறையும் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

கன மீட்டரைக் கண்ட அன்று

கன அளவு என்ற பாடத்தை நான் பல வருஷமாக நடத்தி வருகிறேன். நீளம் பெருக்கல் அகலம் பெருக்கல் உயரம். பிள்ளைகளும் மந்திரம் போல ஒப்பிப்பார்கள். பரீட்சையில் ஒரு டிபன் பாக்ஸின் கன அளவு நானூறு கன மீட்டர் என்று எழுதிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள். அந்த டிபன் பாக்ஸுக்குள் எங்கள் பள்ளிக்கூடத்தின் பாதியை வைத்து மூடலாம்.

கம்ப்யூட்டர் ரூமில் திரையில் ஒரே ஒரு கட்டையை வைத்து, அதன் பக்கத்தில் ஒரு ஆள் பொம்மையை நிறுத்தினேன். கட்டை அதன் இடுப்புக்கு மேலே வந்தது. "இதுதான் ஒரு கன மீட்டர்" என்றேன். கடைசி வரிசையில் இருந்த இசக்கிராஜ் எழுந்தான். நான் கேள்வி கேட்டால் மேலே கூரை உத்தரத்தைப் பார்ப்பவன். இப்போது கண்ணை அகல விரித்துக்கொண்டு கேட்டான்: "அப்போ கன மீட்டர்ங்கது நெசமாவே இருக்கா டீச்சர்?"

சிமெண்ட் இல்லாத கட்டடம்

எங்கள் தாளாளரை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். பஜாரில் சிமெண்ட், கம்பி வியாபாரம். பிள்ளைகள் கம்ப்யூட்டர் ரூமில் விளையாடுகிறார்கள் என்று யாரோ போய்ப் பற்றவைத்துவிட்டார்கள். கடையை அப்படியே விட்டுவிட்டு வந்து நின்றார். நான் திரையில் பிள்ளைகள் கட்டிய மூன்று மாடியைக் காட்டி, எத்தனை கட்டை, என்ன கன அளவு என்று ஒவ்வொருவராகச் சொல்லச் சொன்னேன். கணக்கு அவர் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் மாடியைப் பார்த்தார்.

"பெத்தவங்க கூட்டம் வருதுல்லா, அவங்க சரின்னு சொன்னா நடத்துங்க. வேண்டாம்னுட்டா ரூமப் பூட்டி சாவிய எங்கிட்ட குடுத்துருங்க" என்று தீர்ப்பைச் சொன்னார். உத்தரத்தைப் பார்க்கும் ஒரு பையனை இப்போதுதான் திரையைப் பார்க்க வைத்திருக்கிறேன், அதற்குள் பூட்டா? அவர் வாசல்வரை போய்விட்டு, ஏதோ உறுத்த, திரும்பி வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "ஒரு மூடை சிமெண்டு வாங்காம மூணு மாடி நிக்குன்னு பிள்ளைங்க வெளிய போயி சொல்லிராம பாத்துக்கிடுங்க டீச்சர்."

பி.டி. சாரின் வயிற்றெரிச்சல்

விளையாட்டுப் பீரியடைத் திருடுவது கணக்கு டீச்சர்களின் பரம்பரை உரிமை. பரீட்சை வந்தால் பி.டி. சாரிடம் போய்ப் பல்லைக் காட்டுவோம், அவரும் பந்தை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு டீ குடிக்கப் போவார். பிள்ளைகள் நம் வம்சத்தையே சபிப்பார்கள். இது எல்லாப் பள்ளியிலும் நடப்பதுதான், நீங்கள் ஒன்றும் தெரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள வேண்டாம்.

இந்த வருஷம் நான் கேட்கவே இல்லை. பிள்ளைகளே கூட்டமாகப் போய், எங்கள் விளையாட்டுப் பீரியடைக் கணக்கு டீச்சருக்குக் கொடுத்துவிடுங்கள் என்று அவரிடம் கெஞ்சியிருக்கிறார்கள். மனுஷன் விசிலைக் கழுத்தில் தொங்கப் போட்டுக்கொண்டு நேரே ஆசிரியர் அறைக்கு வந்துவிட்டார். முகம் செத்துப்போயிருந்தது. "நீங்க பிடுங்குனாக்கூட பரவாயில்ல டீச்சர், அதுகளா கொண்டாந்து குடுக்குதுக பாருங்க, அதத்தான் தாங்க முடியல."

சீசனே முடியாத அருவி

வீடு கட்டி அலுத்ததும் குற்றாலம் கட்டுவோம் என்று வகுப்பே தீர்மானித்தது. பெற்றோர் கூட்டத்தில் காட்டவும் அதுதான் சரி என்று எனக்கும் பட்டது. மெயின் அருவியின் பாறை, நடுவில் தண்ணீர் விழுந்து பொங்கி வழியும் பொங்குமாங்கடல், கீழே கடைகள், வரிசை, எண்ணெய் தேய்த்துவிடும் ஆட்கள், எல்லாம் வந்தன. குரங்குதான் அந்த விளையாட்டில் இல்லை. பத்துப் பூனைகளைப் பிடித்து விட்டு, ஒவ்வொன்றுக்கும் குரங்கு என்று பெயர் எழுதித் தொங்கவிட்டார்கள்.

அடுத்து தண்ணீர். அந்த விளையாட்டில் உச்சியில் ஒரே ஒரு வாளி ஊற்றினால் போதும், அது பாட்டுக்கு விழுந்துகொண்டே இருக்கும், வற்றவே வற்றாது. அருவி விழுந்ததும் ரூமே கைதட்டியது. முப்புடாதி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவள் வீட்டார் சீசனுக்குச் சீசன் குற்றாலத்தில் மங்குஸ்தான், ரம்புட்டான் பழங்கள் விற்பவர்கள். சாரல் தொடங்கினால் அந்தக் குடும்பமே கடையில்தான் குடியிருக்கும். என்ன குறை என்று கேட்டேன். அவளுக்கு நிஜமாகவே கவலை. "இப்படி விழுந்துக்கிட்டே இருந்தா சீசன் முடியவே முடியாதே டீச்சர், அப்பொறம் எங்க அக்காவுக்கு எப்போ கல்யாணம் வைக்குதது?"

குளிக்கத் தடை

முப்புடாதி சொன்னதில் நியாயம் இருந்ததால் சட்டம் போட்டோம். தினமும் பீரியட் முடிந்ததும் உச்சித் தண்ணீரை வாளியில் திரும்ப அள்ளிவிட வேண்டும், அருவி நின்றுவிடும். கன அளவுக் கணக்கைச் சரியாகப் போட்டவர்தான் உச்சியில் ஒரு வாளி ஊற்றலாம். பிள்ளைகள் கணக்கு கேட்டு என்னைத் துரத்தியது அந்த வாரம்தான். ஆனால் என் திட்டத்தில் ஓர் ஓட்டை இருந்தது. அத்தனை பேரும் சரியாகப் போட்டுவிட்டால் என்ன ஆகும் என்று நான் யோசித்ததே கிடையாது. அனுபவம் அப்படி.

ஒரு நாள் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து ஊற்றிவிட்டார்கள். தண்ணீர் பாறை முழுக்கப் பரவி, கடை வாசலில் சொருகி வைத்திருந்த தீப்பந்தங்களையெல்லாம் அடித்துக்கொண்டு போனது. பூனைக் குரங்குகள் மிதந்தன. ஜெனிபர் எழுந்தாள். போலீஸ்காரர் மகள். அவள் அப்பா சீசனில் அருவிக்கரையில் விசில் ஊதுகிறவர். மெயின் அருவியில் பாதுகாப்பு வளைவான ஆர்ச்சைத் தாண்டித் தண்ணீர் விழுந்தால் ஆட்களை வெளியேற்றிவிடுவார்கள் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அந்த ஆர்ச்சை ஏற்கெனவே கட்டி வைத்திருந்தவளும் அவள்தான். இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தாள் பாருங்கள், முப்பத்தொன்பது பேரும் மௌசை விட்டுக் கையை எடுத்துவிட்டார்கள். நான் தொண்டை கிழியக் கத்தினாலும் நடக்காத காரியம். சரி, வழிந்ததைத் துடைப்போம் என்று நான் மட்டும் ஒரு மௌசைத் தொட்டேன். அவள் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "டீச்சர், ஆர்ச்ச தாண்டியாச்சு, கைய எடுங்க, தடைன்னா எல்லாருக்குந்தான்."

பட்டாளத்துப் போன்

இசக்கிராஜின் அப்பா பட்டாளத்தில் இருக்கிறார். லீவில் வந்தவர் எனக்குப் போன் போட்டார். வணக்கம் சொல்வதே சல்யூட் அடிப்பது போல இருந்தது. அவர் மகன் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குள் டேப்பை விட்டு அளந்திருக்கிறான். அளக்க வசதியாக இருக்கட்டும் என்று முதலில் தண்ணீரை எல்லாம் திறந்துவிட்டிருக்கிறான். அவர் தலைக்குச் சோப்பு போட்டுக்கொண்டிருந்த நேரம்.

தொட்டியின் கன அளவைச் சரியாகச் சொன்னானா என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதுதான், ஆனால் வாயில் வந்துவிட்டது. எதிர்முனையில் குரல் இன்னும் விறைத்தது. "சரியாத்தான் சொன்னான். ஆனா படிக்க அனுப்புன பிள்ளைய வெளையாட விட்டுட்டு நீங்க சம்பளம் வாங்குதீங்க. கூட்டத்துக்கு வாரேன், நாலு பேரு முன்னால வச்சுப் பேசிக்கிடுதேன்."

மூட்டைகளுக்கு நடுவில்

பெற்றோர் கூட்டத்தன்று கம்ப்யூட்டர் ரூம் கொள்ளவில்லை. அப்பாக்கள் முன்னால் நாற்காலியில், அம்மாக்கள் பின்னால் சுவரோரம். அண்ணாச்சி சாவியை என்னிடம் முன்னாலேயே வாங்கிக் கையில் வைத்திருந்தார். இசக்கிராஜின் அப்பா உட்காரவே இல்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, விளையாட்டெல்லாம் வேண்டாம், பழையபடி போர்டில் எழுதிப் போட்டுச் சொல்லிக்கொடுங்கள் என்று ஆரம்பித்தார். இரண்டு மூன்று அப்பாக்கள் தலையாட்டினார்கள். அவ்வளவுதான், போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். அழுதுவிடுவேனோ என்று பயமாகக்கூட இருந்தது. கட்டியதை ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள் என்று மட்டும் கேட்டு, புரொஜெக்டரைப் போட்டேன்.

சுவர் முழுக்கக் குற்றாலம் விழுந்தது. கடையைக் காட்டி ஒருவர் சிரித்தார், பூனையைக் காட்டி ஒருவர் சிரித்தார். சீசனுக்கு வீடு நிறைய உறவினர் வந்து இறங்கி, அவர்களைக் கூட்டிக்கொண்டு அருவிக்குப் போய், சட்னி அரைத்தே ஓய்ந்துபோகும் ஊர் இது. எல்லோருக்கும் அந்த இடம் அத்துப்படி. அப்போது பின்னால் இருந்து ஒரு குரல் வந்தது. இசக்கிராஜின் அம்மா. "ஏலே, அங்கன ஓரமா, பெட்டி மூட்டைக்கு நடுவுல நிக்குதது யாரு?" நான் அதை ஏதோ கடை என்று நினைத்திருந்தேன். இசக்கிராஜ் சாதாரணமாகச் சொன்னான். "அது நீதாம்மா. நாம போனா நீ அங்கனதான நிப்ப, துணியப் பாத்துக்கிட்டு."

"ஏட்டி, அப்போ நான் எங்க?" என்றார் ஜெனிபரின் அம்மா. "அந்தா, செருப்புகிட்ட" என்று ஜெனிபர் கையைக் காட்டினாள். ஒவ்வொரு அம்மாவாக முன்னால் வந்து தன்னைத் தேட ஆரம்பித்தார்கள். ஒருத்தி துண்டை வைத்துக்கொண்டு நின்றாள், ஒருத்தி கைக்குழந்தைக்குக் காவல். தண்ணீருக்குள் அப்பாக்கள், சித்தப்பாக்கள், பிள்ளைகள், மதுரையில் இருந்து வந்த விருந்தாளிகள். பெண்கள் பக்கத்தில்கூட விருந்துக்கு வந்த அத்தைகள்தான் குளித்தார்கள். உள்ளூர் அம்மா ஒருத்திகூடத் தண்ணீரில் இல்லை. பிள்ளைகள் யாரையும் குத்திக்காட்ட நினைக்கவில்லை. பார்த்ததைப் பார்த்தபடி கட்டியிருந்தார்கள். போன சீசனில் நாத்தனார் வீட்டுப் பைகளுக்கு நடுவில் அதே இடத்தில் நானும்தான் நின்றேன்.

அண்ணாச்சி சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்போ என்ன செய்ய, பூட்டிரலாமா?" என்று பொதுவாகக் கேட்டார். ஆண்கள் ஆளாளுக்கு இசக்கிராஜின் அப்பாவைப் பார்த்தார்கள். இசக்கிராஜின் அம்மா சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு சொன்னார். "பூட்டுததுன்னா பூட்டிக்கிடுங்க அண்ணாச்சி. ஆனா அதுக்கு முன்ன என்னையத் தூக்கித் தண்ணிக்குள்ள விட்டுட்டுப் பூட்டுங்க." அம்மாக்கள் எல்லோரும் ஹோவென்று சிரித்தார்கள். இசக்கிராஜ் மௌசைப் பிடித்து அம்மாவை அருவிக்குள் நிறுத்தினான். நிறுத்திவிட்டு, இனி மூட்டைகளை யார் பார்ப்பது என்று புரியாமல் விழித்தான். அவன் அப்பா அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர், பின்னால் கட்டியிருந்த கையை அவிழ்த்தார். "என்னையத் தூக்கி அங்கன வையிலே, காவல் நிக்கதுதான நம்ம வேலை."

ஆக, அண்ணாச்சி அன்றே திருப்பிக் கொடுத்த கம்ப்யூட்டர் ரூம் சாவி இன்றும் என்னிடம்தான் இருக்கிறது, எங்கள் ஏழாம் வகுப்பு பரீட்சைத் தாளில் மட்டும் கன அளவில் இப்போதும் சுமார்தான்.