யோகலட்சுமி அடைத்த சந்து

பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனில் கல்யாணத்துக்குப் படம் எடுத்துக்கொண்ட எத்தனையோ பேருடைய பல்லை யோகலட்சுமி சரிசெய்திருக்கிறாள். அவள் பல் டாக்டர் இல்லை. சூலியா தெருவில் ஹனீபா நடத்திய ஸ்டூடியோவின் மாடியில், பின்பக்க அறையில் உட்கார்ந்து, நெகட்டிவில் பென்சில் வேலை செய்பவள். டச்சிங் என்பார்கள்.

நெகட்டிவில் எல்லாமே தலைகீழ்தான். முன்பல் இரண்டுக்கும் நடுவே சந்து இருந்தால் படத்தில் அது கறுப்பாக விழும். நெகட்டிவிலோ அந்த இடம் கண்ணாடிபோல் வெறுமையாக இருக்கும். அங்கே ஊசிமுனைப் பென்சிலால் புள்ளி புள்ளியாக வைத்து நிரப்பினால் படத்தில் வெள்ளையாகிவிடும். சந்து போய் முத்துப்போலப் பல்வரிசை வந்துவிடும். வழவழப்பான பிலிமில் பென்சில் பிடிக்காது என்பதால் முதலில் பஞ்சில் ஒரு திரவத்தைத் தொட்டுத் தேய்ப்பாள். மீடியம் என்று அதற்குப் பெயர். தேய்த்த பிறகுதான் பென்சில் ஒட்டும். கலர் படம் ஊரெல்லாம் வந்துவிட்ட பிறகும் ஹனீபா கல்யாணப் பேச்சுக்கான படத்தைக் கறுப்பு வெள்ளையில்தான் எடுப்பார். கலரில் இப்படி இஷ்டத்துக்குக் கைவைக்க முடியாது என்பதுதான் காரணம். படத்தை நம்பி ஆளைப் பார்க்க வருகிறவர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று அவர் கேட்டதில்லை. யோகலட்சுமியும் கேட்டதில்லை.

இதில் வேடிக்கை, அவளுக்கே முன்பல்லில் ஒரு தீக்குச்சி நுழையும் அளவுக்குச் சந்து. அதைப் பற்றி அவள் பெரிதாக அலட்டிக்கொண்டதில்லை. மற்றவர்கள்தான் அலட்டிக்கொண்டார்கள். முதலில் பார்க்க வந்த இரண்டு வீட்டாரும் தேநீரைக் குடித்துவிட்டு, கடிதம் போடுகிறோம் என்று போனார்கள். அந்தக் கடிதங்கள் இன்னும் வந்துகொண்டே இருக்கின்றன. அப்படியே வயது முப்பத்தொன்றாகிவிட்டது. ஆண்டு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நான்கு.

அந்த ஆண்டு பங்குனியில் வள்ளிநாயகி மாமி ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். மாப்பிள்ளை ஸ்ரீஸ்கந்தராஜா, தைப்பிங் ஊர் ஆஸ்பத்திரி லேபில் வேலை. ரத்தத்தையும் சளியையும் நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் பார்க்கிற உத்தியோகம். படம் வேண்டும் என்றார்கள். ஹனீபாவே எடுத்தார். சிரிக்கச் சொன்னார், யோகலட்சுமி சிரித்தாள். மறுநாள் அவளுடைய மேசைக்கு நாலு நெகட்டிவ் வந்தது. மூன்று யாருடையதோ, ஒன்று அவளுடையது. முதல் மூன்றை முடித்த கை நாலாவதற்கும் தானாகவே போய்விட்டது. மீடியம் தேய்த்தாள், பென்சிலைச் சீவினாள், பத்து நிமிடத்தில் தன்னுடைய சந்தைத் தானே அடைத்துவிட்டாள். பன்னிரண்டு வருஷத்துப் பழக்கம். ஏமாற்ற வேண்டும் என்று நினைத்தாளா என்றால், இல்லை. ஆனால் படம் கழுவிக் காய்ந்து கைக்கு வந்த பிறகு பார்த்தாள், பிடித்திருந்தது, கவரில் போட்டாள். அதற்குப் பழக்கத்தின்மேல் பழிபோட முடியாது. அம்மாவும் படத்தைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், கவரை ஒட்டினார்.

இரண்டு வாரத்தில் மாமி சிரித்த முகமாக வந்தார்.

"யோகா, படம் அவங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருச்சு. மாப்பிள்ளையோட அக்கா சொல்றா, இந்த மாதிரிப் பல்வரிசை இந்தக் காலத்துல யாருக்கு இருக்குன்னு. வர்ற ஞாயிற்றுக்கிழமை நேர்ல வர்றாங்க."

மாமி பையிலிருந்து மாப்பிள்ளையின் படத்தை எடுத்துக் கொடுத்தார். அம்மா அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நேரில் பார்த்தால் சந்து தெரிந்துவிடுமே என்று யோகலட்சுமி பயந்தாள். மூன்றாவது வீட்டாரும் போய்விட்டால் நாலாவது வீடு என்று ஒன்று வரப்போவதில்லை. அதைவிட, முகத்துக்கு நேரே பொய்க்காரி என்று ஒருவர் நினைப்பதை அவளால் தாங்க முடியாது.

படத்தை வேலைக்கு எடுத்துப் போனாள். மாப்பிள்ளை நெற்றி அகலமான ஆள், கண்ணில் நிதானம் இருந்தது. கை சும்மா இருக்காமல் லென்ஸை எடுத்து வைத்தது. மேலுதட்டில், மூக்குக்குக் கீழே, கொஞ்ச இடத்தில் மட்டும் தோல் தோலாக இல்லை. மற்ற இடத்தில் இருக்கிற குழியும் புள்ளியும் அங்கே இல்லாமல் மழமழவென்று இருந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது. தைப்பிங்கிலும் அவளைப்போல ஒருத்தர் பென்சிலோடு உட்கார்ந்திருக்கிறார். நல்ல கைதான், ஆனால் அவசரக்காரர். அங்கே என்ன இருந்திருக்கும்? மச்சமா, தழும்பா, பருவா? அன்று முழுக்க அதுவே மண்டையைக் குடைந்தது. தன் பல்லைப் பற்றிய பயம்கூட நடுவில் கொஞ்சம் மறந்துபோனது.

பயம் திரும்பி வந்தபோது டாக்டர் ரோஹானாவின் நினைவும் கூடவே வந்தது. பினாங்கு ரோட்டில் மாடியில் கிளினிக் வைத்திருக்கும் இளம் பல் டாக்டர் அவர். சிகிச்சைக்கு முன்னும் பின்னும் நோயாளிகளின் வாயைப் படமெடுத்து, பிலிமைக் கழுவ ஹனீபாவிடம் கொடுப்பார். போன மாதம் அந்தப் படங்களில் ஒன்றைப் பார்த்து யோகலட்சுமிக்குக் கோபமே வந்துவிட்டது. ஒரு படத்தில் சந்து, அடுத்ததில் இல்லை. என்னைக் கேட்காமல் யார் இதில் டச்சிங் செய்தது என்று நெகட்டிவை லென்ஸில் வைத்து ஒரு மணி நேரம் பென்சில் தடம் தேடினாள். தடமே இல்லை. வேலை பிலிமில் நடக்கவில்லை, வாயிலேயே நடந்திருக்கிறது என்று அப்புறம்தான் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் கிளினிக் நாற்காலியில் போய்ச் சாய்ந்தாள்.

"பாண்டிங்னு சொல்வோம் அக்கா," என்றார் ரோஹானா. "பல்லு கலர்ல ஒரு பேஸ்ட். ரெண்டு பல்லுலயும் ஓரத்துல கொஞ்சம் கொஞ்சம் ஒட்டி அகலமாக்கணும். ஒரே பல்லுல ஒட்டினா எலிப்பல்லு மாதிரி ஆயிடும் லா. ஊசியெல்லாம் வேணாம்."

"நான் பாக்கலாமா டாக்டர்?"

"எதை?"

"நீங்க செய்யறதை."

ரோஹானா சிரித்துவிட்டுக் கைக்கண்ணாடியைக் கொடுத்தார். இதுவரை எல்லோரும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டதைத்தான் அவர் பார்த்திருக்கிறார்.

முதலில் நிறம். வரிசையாகப் பொய்ப்பல் மாதிரிகள் கோத்த ஒரு பட்டையை எடுத்து, ஒவ்வொன்றாக அவள் பல்லுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தார் டாக்டர். யோகலட்சுமி மறுப்பாகத் தலையை ஆட்டினாள்.

"டியூப் லைட்ல பாத்தா ஏமாந்துருவோம் டாக்டர். ஜன்னல் பக்கம் வெச்சுப் பாருங்க. அது கொஞ்சம் மஞ்சள் ஜாஸ்தி."

ஜன்னல் பக்கம் போனார்கள். மஞ்சள் ஜாஸ்திதான். டாக்டர் அடுத்த மாதிரியை எடுத்தார்.

பிறகு பல்லைத் துடைத்துக் காயவைத்து ஏதோ தடவினார். "ஆசிட். பயப்படாதீங்க, ஒரு நிமிஷம்தான். பல்லு வழவழன்னு இருந்தா பேஸ்ட் பிடிக்காது, கொஞ்சம் சொரசொரப்பாக்கணும்." கழுவிக் காற்று அடித்ததும் பல் ஓரம் சுண்ணாம்புபோல வெளுத்தது. யோகலட்சுமி நாற்காலியில் எழுந்தே உட்கார்ந்துவிட்டாள்.

"எங்க மீடியம்! நாங்களும் இதைத்தான் செய்யறோம் டாக்டர், பென்சில் பிடிக்கறதுக்கு!"

"வாயைத் திறங்க அக்கா. எச்சி பட்டா முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

பசைத் தண்ணீர் ஒன்று பூசினார். பல்லுக்கு நடுவே கண்ணாடிக் காகிதம்போல ஒரு கீற்றை நுழைத்தார். மாவுபோல இருந்த பேஸ்ட்டைத் துளியாக வைத்துச் சின்னக் கரண்டியால் நீவினார். பிறகு துப்பாக்கிபோல ஒன்றைப் பிடித்து நீல வெளிச்சம் அடித்தார். வெளிச்சம் பட்டதும் மாவு கல்லாகிவிட்டது. அதை நேராகப் பார்க்கக்கூடாது என்று ஆரஞ்சுக் கண்ணாடி மாட்டிவிட்டிருந்தார்கள்; அதன் வழியே பார்க்க அந்த அறையே இருட்டறை விளக்கின்கீழ் இருப்பதுபோல இருந்தது. வெளிச்சம் பட்டு உறைவது படம் மட்டும்தான் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தாள். ஒரு துளி, ஒரு வெளிச்சம். இன்னொரு துளி, இன்னொரு வெளிச்சம். கடைசியில் வட்ட உப்புத்தாளால் தேய்த்து மெருகேற்றினார்கள். ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது.

"இறால் ஓடு, எலும்பு, ஐஸ் கட்டி எதையும் இதால கடிக்காதீங்க. கோப்பி, டீ கறை பிடிக்கும். நாலஞ்சு வருஷத்துல திரும்ப வர வேண்டியிருக்கும்," என்றார் டாக்டர்.

கண்ணாடியில் பார்த்தாள். பென்சிலால் தான் அடைத்த அதே சந்து, அதே அளவுக்கு அடைந்திருந்தது. அவளுக்கு அது மிகவும் பிடித்திருந்தது. பிடித்ததில் என்ன தப்பு? வீடு இருந்த கெலுகோருக்குப் போகிற பஸ்ஸில் வழி முழுக்க நாக்கு அந்தச் சந்தைத் தேடிக்கொண்டே வந்தது. வீட்டில் அம்மா மோவாயைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். துறைமுக ஆபீஸில் கிளார்க்காக இருக்கும் அண்ணன் பரமநாதன், "இப்ப எவன் வந்தாலும் வரட்டும் லா," என்று தோளை உயர்த்தினார். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மாப்பிள்ளையும் அவருடைய அக்காவும் மாமியோடு வந்து இறங்கினார்கள். யோகலட்சுமி தேநீர்த் தட்டோடு வந்தாள், நிமிர்ந்தாள், முதலில் பார்த்தது மேலுதட்டைத்தான். தழும்பு. மூக்கடியிலிருந்து உதடுவரை நேராக இறங்கிய கோடு, ஓரத்தில் உதடு லேசாக மேலே இழுத்திருந்தது. பிறவியிலேயே பிளந்திருந்த உதட்டைக் குழந்தையில் சேர்த்துத் தைத்தது. ஒரு வாரமாகக் குடைந்த கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டதில் அவளுக்கு ஒரு சந்தோஷம்கூட வந்தது. மீசை வைத்து மறைக்காமல் மழித்துக்கொண்டு வந்திருந்ததைக் கவனித்தாள்.

மாப்பிள்ளையின் அக்கா அவளுடைய சிரிப்பைப் பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்தார். இரண்டு பேரும் ஐந்து நிமிடம் பேசட்டும் என்று மாமி சொல்ல, முன்பக்கம் கார் நிறுத்தும் இடத்தில் இரண்டு நாற்காலி போட்டார்கள்.

ஸ்ரீஸ்கந்தராஜாதான் முதலில் பேசினார்.

"நான் ஒண்ணு சொல்லணும். படத்துல இந்தத் தழும்பு இருந்திருக்காது. அக்கா சொல்லி ஸ்டூடியோல அழிச்சுட்டாங்க. படம் போனப்புறம்தான் எனக்குத் தெரியும். மன்னிச்சுக்குங்க. நீங்க படத்துல இருக்கற மாதிரியே இருக்கீங்க. என்னாலதான் அப்படி வர முடியல."

யோகலட்சுமிக்குச் சுருக்கென்றது. நல்ல மனுஷன் ஒருத்தர் தன்முன் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறார், அவளோ செவ்வாய்க்கிழமைப் பல்லை வைத்துக்கொண்டு பேசாமல் இருக்கிறாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் எல்லாம் நல்லபடியாக முடிந்துவிடும். அப்படி முடிகிறதை நினைத்தபோது அவமானமாக இருந்தது.

"கொஞ்சம் இருங்க," என்று உள்ளே போனாள். பென்சில் படுவதற்கு முன் மாதிரிக்காகப் போட்ட படம் ஒன்று அலமாரியில் இருந்தது. அதைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள்.

"இதுதான் நான். படத்துல நானே பென்சிலால அடைச்சேன், அதுதான் என் வேலை. வாயில செவ்வாய்க்கிழமைதான் அடைச்சேன். நீங்க வர்றீங்கன்னு."

அவர் படத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். திரும்பப் படத்தைப் பார்த்தார். எழுந்து போய்விடுவார் என்றுதான் யோகலட்சுமி நினைத்தாள்.

"எது பல்லு, எது ஒட்டினதுன்னே தெரியலயே," என்றார் அவர். "எப்படி ஒட்டறாங்க? கொஞ்சம் வெளிச்சத்துக்கு வர்றீங்களா?"

கேட் பக்கம் வெயிலுக்குப் போனார்கள். ஆசிட்டில் ஆரம்பித்து நீல வெளிச்சம்வரை சொன்னாள். என்ன ஆசிட், எத்தனை நிமிஷம், வெளிச்சம் பட்டால் ஏன் இறுகுகிறது என்று லேப்காரர் துருவித் துருவிக் கேட்டார். தெரியாததைத் தெரியாது என்றாள். பிறகு அவள், உதட்டைக் கொஞ்சம் கிட்டப் பார்க்கலாமா என்று கேட்டாள். அவர் முகத்தைக் காட்டினார். எத்தனை தையல், எத்தனை வயதில் என்று விசாரித்தாள். பெண் பார்க்கும் வீட்டு வாசலில் பெண் வாயைத் திறந்து நிற்பதையும் மாப்பிள்ளை உள்ளே எட்டிப் பார்ப்பதையும் ஜன்னல் வழியே கண்ட வள்ளிநாயகி மாமி நெஞ்சில் கைவைத்துக்கொண்டு ஓடிவந்தார்.

"என்ன தம்பி இது? அஞ்சு நிமிஷம்னு சொல்லி முக்கா மணி நேரம் ஆச்சு!"

"இருங்க மாமி, இன்னும் முடியல," என்றார் ஸ்ரீஸ்கந்தராஜா. பழைய படத்தைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்; திருப்பிக் கொடுக்கவே இல்லை.

ஆவணியில் கல்யாணம். ஹனீபாதான் படம் எடுத்தார். நெகட்டிவ் வழக்கம்போல யோகலட்சுமியின் மேசைக்கு வந்தது. புதுத் தாலியோடு உட்கார்ந்து மீடியம் பாட்டிலைத் திறந்தாள், பென்சிலைச் சீவினாள். மாலையும் கழுத்துமாக இரண்டு பேரும் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கை தானாக அவருடைய மேலுதட்டுக்குப் போனது. பென்சில் முனை பிலிமுக்கு ஒரு மயிரிழை மேலே நின்றது.

கீழேயிருந்து ஹனீபா குரல் கொடுத்தார். "என்னம்மா, முடிஞ்சுதா? பிரிண்ட் போடணும்."

யோகலட்சுமி பாட்டிலை மூடினாள்.

"போட்டுருங்க அண்ணே. இதுல எனக்கு வேலை இல்ல."