பக்கத்து வீட்டு நத்தார்ப் படக்கதைகள்

நோர்வேக்காரருக்குக் கிறிஸ்து பிறந்த நத்தார்ப் பண்டிகை என்றால் படக்கதைப் புத்தகமும் வேணும். அதற்கென்றே வருசா வருசம் மெல்லிய புத்தகங்கள் ஒஸ்லோக் கடைகளுக்கு வரும். பாட்டன் பார்த்துச் சிரித்த அதே ஆட்களைப் பார்த்துப் பேரனும் சிரிப்பான். ஒஸ்லோவின் ஹொல்ம்லியாப் பகுதியில் எங்களுக்குப் பக்கத்துக் கதவு வெள்ளைக்கார மனுசி, தன் சின்ன வயதுப் புத்தகங்களிலிருந்து எல்லாவற்றையும் பெட்டி பெட்டியாக வைத்திருக்கிறா. புருசன் இல்லாதவ.

என்ர மனுசன் பென்சன் எடுத்த பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கை போகத் தொடங்கினார். இரண்டு பேரும் சிரிப்பது சுவருக்கு இஞ்சாலை கேட்கும். கலியாணம் கட்டின நாள் தொடக்கம் என்னோடு அவர் அப்படிச் சிரித்ததில்லை. நான் வெங்காயம் வெட்டிக்கொண்டு நிற்பேன். கத்தி கொஞ்சம் பலமாய்த்தான் விழும்.

வந்து விளக்கம் வேறு சொல்லுவார். "அந்தக் காலத்திலை பேச்சைப் படத்துக்குள்ளை எழுதமாட்டினமாம். கீழை பாட்டு மாதிரி எழுதுவினமாம். வாய்க்குப் பக்கத்திலை பலூன் போட்டு எழுதினது பிறகுதானாம்."

"ஆர் சொன்னது? அவவோ?"

"உம்மையும் வரச் சொன்னவ."

"உங்களிட்டைச் சொன்னால் நான் போறதே? வீட்டுக்கு வந்து என்ரை முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும்."

எங்கடை முறை அது. அவவுக்கு எப்படித் தெரியும்? நானும் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். நோர்வே மொழி கதைக்க வெட்கம்.

போன நத்தாருக்கு நானே ஒரு புத்தகம் வாங்கினேன். வீட்டிலேயே இருந்து சிரிக்கட்டும் என்று. இவர் அட்டையைப் பார்த்ததுதான் தாமதம், "இது அவவிட்டை இல்லை, காட்டிப்போட்டு வாறன்" என்று சப்பாத்தை மாட்டினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. முறையும் கிறையும் கிடக்கட்டும் என்று முறுக்குத் தட்டோடு பின்னாலேயே போய், சோபாவில் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தேன்.

அவ என்னைப் பார்த்தா. பிறகு ஒரு பழைய புத்தகத்தை எடுத்து என் மடியில் விரித்து, கீழே இருந்த எழுத்தைக் கையால் மறைத்தா. படம் மட்டும் தெரிந்தது. தோட்டத்தில் குருவி விரட்ட நிற்கும் வைக்கோல் வெருளிக்கு வேலைக்காரன் முதலாளியின் உடுப்பை மாட்டி விட்டிருக்கிறான். முதலாளியின் பெண்சாதி, புருசன் என்று நினைத்து வெருளிக்கு ஏசுகிறா. நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவவும் சிரித்தா.

"கையை எடுக்கச் சொல்லும், வாசிப்பம்" என்றார் இவர்.

"படத்தைப் பாருங்கோவன்" என்றேன்.

எரிச்சல் முழுக்கப் போகவில்லை. அதனால் ஞாயிறு வந்தால் இவர் சப்பாத்துத் தேடுவதற்கு முதலே நான் போய் நடுவில் இருந்துவிடுவேன்.