தாலி வேண்டாம் என்றவள்

1. கேஸ் மாத்திரை

சுகாதாரத் துறை சப் சென்டருக்கு வரும் அம்மாக்கள் நோயையும் அவர்களே சொல்லிவிடுவார்கள், மருந்தையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். எடுத்துக் கொடுப்பது மட்டும்தான் நர்ஸ் வேலை என்பது எங்கள் செஞ்சிப் பக்கத்து நம்பிக்கை. மல்லிகாவும் அப்படித்தான் வந்தாள். வேர்க்கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்குகிற வேலையைப் பாதியில் விட்டுவிட்டு, கை நிறைய மண்ணோடு, பிளஸ் டூ படிக்கும் மகள் தீபிகாவை இழுத்துக்கொண்டு வந்தாள்.

“நர்சம்மா, இவளுக்கு வயிறு உப்பிக்கினே போவுது. தெனம் பரோட்டாவா துன்னா இன்னா ஆவும்? ஒரு கேஸ் மாத்திரை குடு.”

பெண்ணை டேபிளில் படுக்க வைத்து வயிற்றில் கையை வைத்தேன். ஏ.என்.சி.யில் கர்ப்பிணிகளைப் பார்த்துப் பார்த்துப் பழகின கை, மாசத்தைக் கையே சொல்லிவிடும். வைத்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. ஏழு மாசம். போதாக்குறைக்கு உள்ளே இருந்தது ஒரு உதையும் விட்டது.

“மல்லிகா, பைப்புல போய் கையைக் கழுவிக்கினு வா” என்று அம்மாவை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

“பீரியட்ஸ் எப்பம்மா வந்துச்சு?”

“எனக்கு எப்பவும் தள்ளித் தள்ளித்தான் வரும் சிஸ்டர்.”

“நீ மாசமா இருக்கற தீபிகா.”

அவள் பதறவே இல்லை. பாவம், நர்சம்மாவுக்கு வயசாகிவிட்டது என்கிற மாதிரி என்னைப் பார்த்தாள்.

“அதெப்படி சிஸ்டர்? எனக்குத்தான் கல்யாணமே ஆவலையே.”

பிறகு விவரமாகச் சொன்னாள். பையன் பெயர் சதீஷ். பஸ் ஸ்டாண்ட் பக்கம் செல்போன் கடையில் வேலை. வயசு பத்தொன்பது. மலைக்கோயிலில் வைத்துத் தாலி கட்டுகிறேன் என்று மஞ்சள் கயிறோடுதான் வந்திருக்கிறான்.

“நான்தான் சிஸ்டர் வேணாம்னு சொன்னேன். தாலி கட்டினா குழந்தை வந்துடும், படிப்பு கெட்டுடும். நான் நர்சிங் படிக்கணும்.”

பெண் ஜாக்கிரதையாகத்தான் இருந்திருக்கிறாள். எதில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று சொல்லத்தான் ஒரு ஆள் இல்லை. சின்ன வயசில் “பாப்பா எப்படிம்மா வரும்?” என்று கேட்டதற்கு, “தாலி ஏறினா சாமி தானா குடுக்கும்” என்று மல்லிகா சொல்லியிருக்கிறாள். எல்லா வீட்டிலும் சொல்கிற பதில்தான். இந்தப் பெண் அதை நம்பித் தொலைத்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

2. படத்தின் மேல் பாதி

பள்ளிக்கூடத்தில் ஒன்றும் சொல்லித்தரவில்லையா என்று கேட்பீர்கள். ஏன் இல்லை? முந்தின வருஷம் அங்கே பாடம் எடுத்ததே நான்தான். அதற்கு வளரிளம் பருவக் கல்வி என்று பெயர். பெயர் வைக்கும்போதே எந்தப் பக்கமும் பிடி கொடுக்காமல் வைத்திருக்கிறார்கள்.

உடம்புப் படம் போட்ட சார்ட்டைச் சுருட்டிக்கொண்டு போனேன். ஹெச்.எம். அம்மா அதை மேஜைமேல் விரித்துப் பார்த்துவிட்டு வேகமாகச் சுருட்டினார்.

“சிஸ்டர், படத்துல மேல் பாதி மட்டும் காட்டுங்க, போதும்.”

“மேல் பாதியில இருதயமும் நுரையீரலும்தாம்மா இருக்குது.”

“அதுவும் முக்கியம்தானே?”

பிள்ளைகளுக்கு இரும்புச்சத்து மாத்திரை, பூச்சி மாத்திரை, நாப்கின் இவற்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்றார். ஒரு டீச்சர் கடைசி வரைக்கும் வாசலில் காவல் நின்றார். ஒரு பெண் கையைத் தூக்கினாள். “டவுட்டெல்லாம் வீட்ல அம்மாகிட்ட கேட்டுக்கோ” என்று வாசலிலிருந்தே பதில் வந்தது. அம்மா என்ன சொல்வாள் என்பதுதான் உங்களுக்குத் தெரியுமே.

பையன்களுக்கு அந்தப் பாடம் தேவையில்லை என்று முடிவாகி, அவர்களை கிரவுண்டில் கிரிக்கெட் ஆட அனுப்பிவிட்டார்கள். சதீஷ் அந்த வருஷம் அங்கே பிளஸ் டூ. அன்றைக்கு நன்றாக ஆடினான் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

3. ஏழுமலை சொன்ன மருந்து

விஷயத்தைச் சொன்னதும் மல்லிகா தலையில் அடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். தகவல் போய் தீபிகாவின் நைனா ஏழுமலை சைக்கிளில் வந்து சேர்ந்தார். ரைஸ்மில்லில் மூட்டை தூக்குகிறவர், கோபக்காரர்தான். ஆனால் அன்றைக்குக் கையைக் கூப்பிக்கொண்டு பேசினார்.

“நாளைக்கே அந்தப் பையனைக் கூட்டியாந்து தாலி கட்ட வெச்சிடறோம்மா. எல்லாம் சரியாப்பூடும்.”

தாலி இல்லையென்றால் குழந்தை வராது என்று மகள் நம்பினாள். வந்துவிட்ட குழந்தையைத் தாலி கட்டிச் சரி பண்ணலாம் என்று அப்பா நம்புகிறார். இந்த ஒரு கயிற்றுக்கு எத்தனை வேலைதான் கொடுப்பார்கள்.

“அவளுக்குப் பதினேழு வயசு ஏழுமலை. கட்டினா நீயும் சேர்ந்து உள்ள போவ. நான் பி.எச்.சி. டாக்டருக்குச் சொல்லணும், அவங்க போலீசுக்குச் சொல்லணும். மறைச்சா எங்க வேலை போயிடும்.”

மல்லிகா என் காலைப் பிடித்துக்கொண்டாள். “ஊருக்குத் தெரிஞ்சா மானம் போயிடும் நர்சம்மா.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “வயசுக்கு வந்தப்ப மைக் செட் போட்டு, பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் இவ போட்டோவை ஃப்ளெக்ஸ்ல வெச்சு ஊரையே கூட்டி சோறு போட்டியே, நானும் வந்து சாப்ட்டேன். ஊருக்கெல்லாம் சொன்ன, இவகிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?”

“எப்படிம்மா சொல்றது? கூச்சமா இருக்குது.”

அவளுக்கும் யாரும் சொல்லவில்லை.

தீபிகா இதையெல்லாம் சுவரோரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். எல்லாரும் ஓய்ந்த பிறகு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “சிஸ்டர், நான் பரீட்சை எழுத முடியுமா?”

4. ஒரு பெஞ்ச்

கேஸ் ஆயிற்று. சதீஷ் உள்ளே போய் ஜாமீனில் வந்தான். கல்யாணம் கூடாது என்று அதிகாரிகள் வந்து ஏழுமலையிடம் எழுதி வாங்கிக்கொண்டு போனார்கள். தீபிகாவுக்கு ரத்தத்தில் ஹெச்.பி. குறைவு, பி.பி. வேறு ஏறிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் சிசேரியன் பண்ணித்தான் குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை. தாயும் சேயும் பிழைத்து வந்ததே பெரிது என்பதை மட்டும் சிரிப்பில்லாமல் சொல்கிறேன். உடம்பு முற்றாத பெண்ணுக்குப் பிரசவம் என்பது விளையாட்டு இல்லை.

அந்த வருஷப் பரீட்சை போய்விட்டது. அடுத்த ஜூனில் குழந்தையை மல்லிகா வைத்துக்கொள்ள, நான் தீபிகாவைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனேன்.

“டி.சி. வாங்கிக்கிட்டு பிரைவேட்டா எழுதட்டும் சிஸ்டர்” என்றார் ஹெச்.எம். அம்மா. “இவ கிளாஸ்ல உட்கார்ந்தா மத்த பொண்ணுங்க கேள்வி கேப்பாங்க.”

“கேள்வி கேட்டா தப்பாம்மா? பள்ளிக்கூடம் அதுக்குத்தானே இருக்குது? சேர்க்க முடியாதுன்னா அதை ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க, கலெக்டர் ஆபீசுக்குக் குடுத்துக்கறேன்.”

பேப்பர் என்றதும் பெஞ்சில் இடம் வந்துவிட்டது. கடைசி பெஞ்ச்தான், ஆனாலும் பெஞ்ச்.

ஹெச்.எம். அம்மா பயந்தபடியே நடந்தது. பெண்கள் கேள்வி கேட்டார்கள். முதலில் கேலிக்காக, பிறகு நிஜமாக. மதியச் சாப்பாட்டு நேரத்தில் சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் தீபிகாவைச் சுற்றி உட்கார்ந்துகொள்வார்களாம். தெரிந்ததை அவள் சொல்வாள். தெரியாததற்கு என்னிடம் அனுப்பிவிடுவாள். அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஒருவழியாகப் பாலியல் கல்வி வந்தது இப்படித்தான். ஆர்டர் இல்லை, சார்ட் இல்லை, வாசலில் காவல் இல்லை. ஒரு பெண்ணின் ஒரு வருஷப் படிப்பும் வயிற்றில் ஒரு தையலும்தான் அதற்கான செலவு. அந்த வருஷம் அவள் பாஸ் பண்ணினாள். இப்போது நர்சிங் படிக்கிறாள்.

புதிதாக நர்ஸ் வேலைக்கு வந்திருக்கும் தங்கச்சிகளே, நான் ரிட்டயர் ஆவதற்குச் சில நாள் முன்னால் பள்ளிக்கூட யூனிஃபார்மில் ஒரு பெண் தனியாக வந்து, உள்ளே வராமல் படியிலேயே நின்றாள். இன்னொரு தீபிகா என்றுதான் நினைத்தேன். டேபிளைக் காட்டி, “படும்மா, பாக்கறேன்” என்றேன்.

“இல்ல சிஸ்டர். எனக்கு ஒண்ணும் ஆவல. ஒரு பையன் பின்னாடியே வர்றான். எனக்கும் அவனைப் பிடிக்குது. அதுக்கு முன்னாடி இன்னா இன்னா தெரிஞ்சிக்கணும்னு கேக்கலாம்னு வந்தேன்.”

என் சர்வீசிலேயே இந்த விஷயத்துக்கு ஒரு பெண் முன்னாடியே வந்தது அன்றைக்குத்தான். ஸ்டூலை இழுத்துப் போட்டு அவளை உட்கார வைத்தேன்.