லண்டனில தைச்ச வெள்ளைச் சட்டை

முப்பது வருஷத்தில என்ர அக்கா என்னட்டை ஒரு சாமான் வாய் திறந்து கேட்டதில்லை. நானாத்தான் அனுப்புவன். லண்டனில, எங்கட குட்மேய்ஸில இருந்து ஆர் ஊருக்குப் போனாலும் அவையின்ர சூட்கேசில ஒரு மூலை எனக்கு. சோப், சொக்கிலேட், துவாய், படுக்கை விரிப்பு, உடுப்பு. கிளிநொச்சியில அக்கா அதுகளை அலுமாரியில அடுக்கி வைச்சு, வாறவை போறவைக்கெல்லாம் கதவைத் திறந்து காட்டுவா. "லண்டன் சாமான். தங்கச்சி அனுப்பினது." பாவிக்கிறது குறைவு, காட்டுறதுதான் கூட.

அனுப்ப முதல் எங்கட வீட்டில ஒரு சடங்கு இருக்கு. நகம் வெட்டுற கத்தரிக்கோலோட கட்டிலில இருந்து, ஒவ்வொரு உடுப்பையும் உள்பக்கம் திருப்பி லேபலை வெட்டுவன். சீனா, வியட்நாம், பங்களாதேஷ், துருக்கி எல்லாம் குப்பைக்குள்ள. இதை நான் மட்டும் செய்யேல்லை. எங்கட தெருவில கேட்டுப் பாருங்கோ, ஒருத்தரும் ஓமெண்டு சொல்லாயினம். ஆனால் ஒவ்வொரு வீட்டிலயும் அந்தக் கத்தரிக்கோல் கிடக்கு.

இந்த வருஷம் அக்கா கேட்டா.

"எடியே, பிள்ளைக்கு பாங்கில இன்டர்வியூ வந்திருக்கு. ஒரு வெள்ளைச் சட்டை வேணும். கொலர் வைச்சது, முழுக்கை. லண்டன்ல தைச்சதா இருக்கோணும்."

"லண்டன் கடையில நல்லதாப் பார்த்து வாங்கி அனுப்புறன் அக்கா."

"கடையைச் சொல்லேல்லையடி. தைச்சதைச் சொல்லுறன். வெளிநாட்டுத் தையல் எண்டால் உடம்பில நிக்கிற விதமே வேற. அவள் நாலு வருஷமா அந்தக் கொம்பனியில கிடந்து சாகிறாள். இது கிடைச்சாத்தான் அவளுக்கு விடிவு. முன்னால இருக்கிறவைக்கு எங்கட பிள்ளையும் ஒரு ஆள் எண்டு தெரியோணும்."

அக்காவின்ர ஒரே பிள்ளை. எனக்குப் பெறாமகள். கொம்பனி எண்டு அக்கா சொல்லுறபோதெல்லாம் நான் ஒரு மேசை, ஒரு கதிரை, ஒரு கொம்பியூட்டரை நினைச்சிருக்கிறன். என்ன கொம்பனி எண்டு ஒரு நாளும் கேட்கேல்லை. அதுவும் என்ர பிழைதான்.

சரி, ஒரு சட்டைதானே எண்டு வெளிக்கிட்டன். இல்ஃபர்டில நாலு கடை. தொங்குற வெள்ளைச் சட்டை எல்லாத்தையும் ஒவ்வொண்டாத் திருப்பித் திருப்பிப் பார்த்தன். கம்போடியா. பங்களாதேஷ். மொரோக்கோ. என்ர மனுசன் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில நிண்டவர், பொறுமை போய், "இஞ்சரும், நீர் சட்டை வாங்க வந்தனீரோ, சட்டைக்குப் பாஸ்போட் செக் பண்ண வந்தனீரோ?" எண்டார். நான் அடுத்த கடைக்கு நடந்தன்.

அடுத்த சனிக்கிழமை ஒக்ஸ்ஃபர்ட் ஸ்ட்ரீட்டில ஒரு பெரிய கடை. வாசலில பிரிட்டிஷ் கொடி. சுவரில பச்சை மலை, மேயுற செம்மறி, ஒரு கிழவன் புன்னகையோட தையல் மெசினில இருக்கிற படம். அப்பாடா எண்டு உள்ள போய்ப் பார்த்தால் அதே பழைய கதைதான். வியட்நாம். கடைப்பிள்ளையைக் கூப்பிட்டன்.

"இது லண்டனில டிசைன் பண்ணினது" எண்டாள்.

"தைச்சது?"

"டிசைன் லண்டன்" எண்டாள் திரும்பவும், எனக்கு இங்கிலிஷ் விளங்கேல்லையாக்கும் எண்டு ஆறுதலா.

"பிள்ளை, நான் யோசனை வாங்க வரேல்லை, சட்டை வாங்க வந்தனான்" எண்டு சொல்லிப்போட்டு வெளியால வந்தன். அந்தக் கிழவனைப் படத்தில இருத்தி வைச்சுக்கொண்டு என்ன ஒரு பேய்க்காட்டல், ஏமாத்து! சீ! ஆற்றையோ பிள்ளையள் எங்கேயோ குனிஞ்சிருந்து தைக்க, இவை கொடியை மட்டும் குத்தி விக்கினம். வெக்கம் எண்ட ஒண்டு இருந்தால் அந்தப் படத்தைக் கழட்டியிருக்க வேண்டாமோ? நினைவுப் பொருள் விக்கிற கடையளையும் பார்த்தன். சிவப்பு பஸ், பொலிஸ்காரப் பொம்மை, லண்டன் எண்டு நெஞ்சில எழுதின பெனியன், எல்லாம் கப்பலில வந்தது. எங்கட சுப்பர்மார்க்கெட்டில கொடி போட்டு உண்மையா இந்த நாட்டில விளைஞ்சதெண்டு விக்கிறது உருளைக்கிழங்கும் கரட்டும்தான். இன்டர்வியூவுக்குப் பிள்ளை உருளைக்கிழங்கைக் கட்டிக்கொண்டு போறதோ?

அப்டன் பார்க்கில துணிக்கடையொண்டுக்குப் பின்னால எங்கட ஆள் ஒராள் மெசின் வைச்சிருக்கிறா. யாழ்ப்பாணத்து உரும்பிராய்க்காரி. சீலைக்குக் கரை அடிக்க நான் போறனான். அவவுக்கு என்ர அலைச்சலைச் சொல்லிப் புலம்பினன்.

"ஏன் அக்கா கிடந்து அலையிறியள்? துணியைத் தாங்கோ, மூண்டு நாளில தைச்சுத் தாறன். நான் லண்டனில இருந்துதானே தைக்கிறன்?"

எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. "போங்கோ தங்கச்சி. அக்கா கேட்டது லண்டன் சாமான். உரும்பிராய்க்காரி தைச்சது லண்டன் சாமானோ?"

அவ காலை மெசினில வைச்சு என்ர சீலைக் கரையை அடிச்சுத் தந்தா.

கடைசியில, பாங்க் ஆக்கள் கோட் சூட் வாங்கிற பக்கம் ஒரு கடையில கண்டன். மெல்லிசுத் தாளில சுத்தி, பெட்டியில வைச்சு, கொலரில பொன் நூலால லண்டன் எண்டு மட்டும் எழுதின வெள்ளைச் சட்டை. வேற ஒரு நாட்டின்ர பேரும் இல்லை. கொலரைப் பார்த்தவுடன வாங்கிப்போட்டன். ஊருக்குப் போற ஆள் அடுத்த நாள் விடிய ஏர்போட்டுக்கு வெளிக்கிடுறார்.

வீட்டை வந்து மடிக்கேக்கைதான் விலாப் பக்கத் தையலில இன்னொரு துண்டு கையில தட்டுப்பட்டது. எப்பிடித் தோய்க்கிறது, எப்பிடி அயர்ன் பண்ணுறது எண்டதுக்குக் கீழ, எறும்பு எழுத்தில: ஸ்ரீலங்கா.

நான் படியில இருந்திட்டன். இவர் வாங்கிப் பார்த்திட்டு இருமல் வருமட்டும் சிரிச்சார். "இலங்கையில இருந்து லண்டனுக்கு வந்து, இப்ப லண்டனில இருந்து கிளிநொச்சிக்குப் போகுது. எங்களுக்குக் கூட இப்பிடிப் பயணம் வாய்க்கேல்லையப்பா!"

"வாயைப் பொத்துங்கோ" எண்டன். கண்டறியாத லண்டன்! பொன் நூலை மேல தைச்சு, உண்மையை விலாவுக்குள்ள ஒளிச்சு வைக்கிற நாடு. அந்த நாட்டைத் திட்டிக்கொண்டே நான் கத்தரிக்கோலை எடுத்தன். எனக்கு என்னைப் பார்க்கவே அரியண்டமாக் கிடந்தது. எண்டாலும் வெட்டினன்.

ஒரு கிழமையால, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெறாமகள் வீடியோவில எடுத்தாள்.

"சட்டை வடிவாயிருக்கு சித்தி. அளவும் சரி." பிறகு திரும்பிக் கதவுப் பக்கம் பார்த்திட்டு, சட்டையை உள்பக்கம் திருப்பிக் கமராவுக்குக் கிட்டப் பிடிச்சாள். "ஆனால் லேபலை வெட்டக் கூடாது சித்தி. பாருங்கோ, தையலுக்குள்ள லேபலின்ர அடி நிக்குது. தையலைப் பிரிச்சுத்தான் எடுக்கோணும்."

"என்ன லேபல்?" எண்டன். எனக்கு அந்த நேரத்திலயும் பொய்தான் வாயில வந்தது.

"பயப்பிடாதேங்கோ. அம்மா பின்வளவில நிக்கிறா. நீங்கள் அனுப்புற எல்லாத்திலயும் நாலு வருஷமா நான்தான் அந்த அடியைப் பிரிச்செடுத்து, திரும்ப மூடித் தைச்சு வைக்கிறனான். அம்மா காண முதல். எங்களுக்கு அதுதானே வேலை."

"என்ன வேலை?"

"கொம்பனி எண்டு சொல்லியிருப்பா. உடுப்புத் தைக்கிற ஃபக்டரி சித்தி. நான் கை பொருத்திற லைன்." சட்டையின்ர கையை விரலால தடவினாள். "இது எங்கட ஃபக்டரியில தைச்சதுதான். இந்த மடிப்பைச் சூப்பவைசர் கத்திக் கத்திப் பழக்கினவ. நான் தைச்சதோ, பக்கத்து மெசின் பிள்ளை தைச்சதோ, அதுதான் தெரியேல்லை."

பிள்ளை நாலு வருஷமாத் தப்பி வரத் தவிக்கிற இடத்தில தைச்ச சட்டையை, தப்பி வாறதுக்கெண்டு நான் வாங்கி அனுப்பியிருக்கிறன். கடைக்காரன்ர கள்ளத்துக்கு நான் வேற கத்தரிக்கோல் பிடிச்சிருக்கிறன். அவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

"அதைப் போடாதை பிள்ளை. இஞ்ச அப்டன் பார்க்கில ஒராள் நல்லாத் தைப்பா. உண்மையா லண்டனில இருந்து தைக்கிறா. நான் இண்டைக்கே..."

"வியாழக்கிழமை இன்டர்வியூ சித்தி. நான் இதைத்தான் போடப்போறன்." கொஞ்சம் சிரிச்சாள். "அம்மாவுக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ. அவ அந்த அலுமாரியை வைச்சுத்தான் நாலு பேருக்கு முன்னால தலை நிமிந்து கதைக்கிறா."

செருப்புச் சத்தம் கேட்டது. பிள்ளை டக்கெண்டு சட்டையை நல்லபக்கம் திருப்பினாள். அக்கா ஈரக் கையைச் சீலையில துடைச்சுக்கொண்டு வந்து போனைப் பறிச்சா. அவவின்ர முகம் திரை முழுக்க நிறைஞ்சது. அப்பிடி ஒரு சந்தோஷத்தை நான் அந்த முகத்தில கன காலமாக் காணேல்லை.

"எடியே, பார்த்தியோ சட்டையை? நேற்று முழுக்கத் தடவித் தடவிப் பார்த்தனான். என்ன ஒரு தையல்! இஞ்ச இருக்கிறதுகளுக்கு நூறு வருஷம் போனாலும் இப்பிடித் தைக்க வருமே?"

அவவுக்குப் பின்னால பிள்ளை கட்டிலில இருந்து சட்டையை மடிச்சுக்கொண்டிருந்தாள். நிமிந்து பார்க்கேல்லை.

"வராதக்கா" எண்டன் நான். "லண்டன் தையலெல்லோ."